சார்ஜ் போட்ட லேப்டாப் ஏன் விர்ரென்கிறது?

அலுமினிய உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு, அதன் மூடி மேல் விரல் நுனியை மெல்ல ஓட்டினால் சில வீடுகளில் ஒரு விநோதம் நடக்கும். சற்று முன்புவரை வழவழப்பாக இருந்த உலோகம் விர்ரென்று அதிரும். விரல் தடுக்கித் தடுக்கி நகரும். டைப் அடிக்கும்போது கையின் உள்பக்கம் விளிம்பில் பட்டால் சுருக்கென்று குத்தும். சார்ஜரைப் பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடும். அதே லேப்டாப்பை, அதே சார்ஜரோடு அலுவலகத்தில் போட்டால் எதுவுமே இருக்காது.

இதை வெளியே சொன்னால் மூன்று விதமான பதில் கிடைக்கும். 'போர்டு போயிருக்கும், சர்வீஸுக்குக் கொடு' என்பார் ஒருவர். 'மெட்டல் பாடி என்றால் அப்படித்தான், கண்டுக்காதே' என்பார் இன்னொருவர். மூன்றாமவர் டெஸ்டரைக் கொண்டுவந்து மூடி மேல் வைப்பார், அது பளிச்சென்று எரியும், வீடே பதறும். இரண்டாமவர் சொல்வது பாதி சரி. ஆனால் மூவருமே லேப்டாப்பைத்தான் பார்க்கிறார்கள். கவனிக்க வேண்டியது சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டின் மேல் துளையை. ஏன் என்று பார்க்க, முதலில் சார்ஜரைத் திறந்து பார்த்துவிடுவோம். (மனதுக்குள் மட்டும். நிஜத்தில் திறக்க வேண்டாம். பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் சற்று நேரம் தங்கியிருக்கும்.)

சார்ஜருக்குள் என்ன நடக்கிறது?

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஏசி, நொடிக்கு 50 சுற்று. லேப்டாப்புக்கு வேண்டியது பெரும்பாலும் 20 வோல்ட் அளவிலான டிசி. அந்தக் காலத்து அடாப்டர்களில் இரும்புத் தகடுகள் அடுக்கிய கனமான டிரான்ஸ்ஃபார்மர் இந்த வேலையைச் செய்தது. 65 வாட் தரும் சார்ஜரை அப்படிச் செய்தால் பையில் செங்கல்லைச் சுமக்க வேண்டியதுதான். இன்றைய சார்ஜர் வேறு வழியில் போகிறது. வரும் ஏசியை முதலில் அப்படியே டிசி ஆக்குகிறது. 230 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 325 வோல்ட் என்பதால், உள்ளே கிட்டத்தட்ட அவ்வளவு டிசி நிற்கும். அதை ஒரு மின்னணு ஸ்விட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை, புதிய ரகங்களில் லட்சத்துக்கும் மேல், வெட்டி வெட்டி விடுகிறது. அவ்வளவு வேகத்தில் வெட்டினால் மிகச் சிறிய டிரான்ஸ்ஃபார்மரே போதும். சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவது இதனால்தான்.

அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் மெயின்ஸ் எனும் வீட்டு மின்சாரம், அந்தப் பக்கம் லேப்டாப். இரண்டையும் சேர்க்கும் கம்பி கிடையாது; கடந்துபோவது காந்தப் புலம் மட்டும். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில்கூட இரு பக்கத்துச் செம்புத் தடங்களும் ஒன்றையொன்று நெருங்காதபடி, நல்ல சார்ஜர்களில் 6 மில்லிமீட்டர் அளவுக்காவது இடைவெளி விட்டிருப்பார்கள். லேப்டாப்பைத் தொடும் நம் கைக்கு 230 வோல்ட் நேரடியாக வந்து சேராமல் இருப்பது இந்தப் பிரிப்பினால்தான்.

அப்படியானால் அந்த விர்ருக்குக் காரணமான மின் கசிவு எங்கிருந்து வருகிறது? அது தெரிந்தே விட்ட கசிவு. வேகமாக வெட்டுவதால் நிறைய மின் இரைச்சல் கிளம்பும். டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுருள்களும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றியிருப்பதால் அந்த இரைச்சல் லேப்டாப் பக்கம் தாவிவிடும். தாவியது திரும்பிப் போக வழி இல்லாவிட்டால் சார்ஜரின் வயரே ஏரியல் ஆகி, அக்கம்பக்கத்து ரேடியோவைக் கரகரக்க வைக்கும். அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் இரைச்சல் வந்த வழியே திரும்பட்டும் என்று இரு பக்கத்துக்கும் நடுவே, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் என்ற சிறிய பாகத்தைப் போடுகிறார்கள். ஒய் கெப்பாசிட்டர் என்று பெயர். பெரும்பாலும் நீல நிறத்தில் சின்ன வில்லையாக இருக்கும். மதிப்பு 1 நானோஃபாரட், 2.2 நானோஃபாரட் என்ற கணக்கில்.

கெப்பாசிட்டரின் குணம், வேகமான அலைகளைத் தாராளமாக விடும், மெதுவானவற்றை மிகவும் தடுக்கும். லட்சம் சுற்று இரைச்சலுக்கு 2.2 நானோஃபாரட் என்பது 1,000 ஓமுக்கும் குறைவான தடை. 50 சுற்று மெயின்ஸுக்கோ அது சுமார் 14.5 லட்சம் ஓம். முழு 230 வோல்ட்டும் அதன் மேல் நின்றாலும் 0.16 மில்லி ஆம்பியர்தான் கசிய முடியும். எர்த் இல்லாமல் இயங்கும் இரண்டு பின் சாதனங்களுக்குச் சர்வதேச விதி அனுமதிக்கும் தொடு மின்னோட்டம் 0.25 மில்லி ஆம்பியர். அந்த விதியின் இந்திய வடிவமாக நெடுநாள் இருந்தது ஐ.எஸ். 13252; புதிய அடாப்டர்களில் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62368 என்றும் இருக்கலாம். அடாப்டரின் லேபிளில் இவற்றில் ஒரு எண்ணும், பக்கத்தில் 'ஆர்' என்று தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெருவோரக் கடையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் நகல் சார்ஜரில் அந்த நீல வில்லைக்குப் பதில் ஏதோ ஒரு சாதாரணக் கெப்பாசிட்டர் இருக்கலாம். ஒய் ரகக் கெப்பாசிட்டர் கெட்டுப்போனாலும் உள்ளே ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகாதபடி தயாரிக்கப்படுவது. சாதாரணக் கெப்பாசிட்டருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இந்தக் கட்டுரையில் 'பயப்பட வேண்டாம்' என்று சொல்லும் இடமெல்லாம் ஒழுங்கான சார்ஜருக்கு மட்டுமே பொருந்தும்.

100 வோல்ட் காட்டுகிறதே!

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். ஒரு முனையை லேப்டாப் மூடியின் திருகிலும், மறு முனையை எர்த்திலும் வைத்தால் 80, 90, 110 என்று ஏதோ ஒரு எண் வரும். 110 வோல்ட் என்பது அமெரிக்க வீட்டு மின்சாரம் அளவுக்கு ஆயிற்றே?

எண் உண்மைதான். உள்ளே ஏசியை டிசி ஆக்கும் டயோடு பாலம் (டயோடு என்பது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்), ஒரு பாதிச் சுற்றில் தன் ஒரு முனையை நியூட்ரலோடும், அடுத்த பாதியில் ஃபேஸோடும் மாற்றி மாற்றிச் சேர்க்கிறது. ஒய் கெப்பாசிட்டர் அந்த முனையில் தொங்குவதால், லேப்டாப் உடல் நியூட்ரலுக்கும் ஃபேஸுக்கும் நடுவே பாதியில் மிதக்கிறது. 230-இல் பாதி 115. மீட்டர் காட்டுவது அந்த மிதப்பை.

ஆனால் மீட்டரின் உள் தடை சுமார் 1 கோடி ஓம். அது கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சாமல் எட்டி நின்று அளக்கிறது. நாம் தொட்டால் கதை வேறு. மொட்டை மாடித் தொட்டியில் நீர் நிறைய நிற்கிறது, குழாயில் ஊசி முனை அளவு ஓட்டைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை விரலால் மூடினால் அழுத்தம் முழுதாகத் தெரியும். விரலை எடுத்தால் வருவது சொட்டு நீர். இங்கேயும் அப்படித்தான். தோல் நனைந்திருந்து நம் உடலின் தடை 2,000 ஓம் என்று வைத்தாலும், 0.16 மில்லி ஆம்பியர் அதில் ஓடும்போது உடலின் குறுக்கே நிற்பது 0.3 வோல்ட் சொச்சம். தொட்ட அந்த நொடியே 100 வோல்ட் காணாமல் போய்விடும்.

டெஸ்டர் எரிவதும் இதே ரகம். அதற்குள் இருக்கும் நியான் விளக்குக்கு வோல்ட்டேஜ் 70, 80 கிடைத்தால் போதும். மின்னோட்டம் துளி இருந்தாலே ஒளிரும். ஃபேஸில் வைத்தாலும் எரியும், இந்தக் கசிவில் வைத்தாலும் எரியும். எது ஆளைக் கொல்லும், எது கொல்லாது என்று அதற்குத் தெரியாது. டெஸ்டர் எரிந்ததற்காக லேப்டாப்பைக் குப்பையில் போட வேண்டியதில்லை. எரியவில்லை என்பதற்காக எந்த வயரையும் தொட்டுவிடவும் கூடாது.

விரல் உணர்வது எதை?

இதில் ஒரு முரண் இருக்கிறது. 50 சுற்று மின்சாரம் உடல் வழியாக ஓடினால், மனிதருக்குத் தெரியத் தொடங்குவது சுமார் 0.5 மில்லி ஆம்பியரில். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசைகள் இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகும். 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. லேப்டாப்பில் கசிவதோ 0.16-க்குள். தெரியவே கூடாத அளவு. பிறகு ஏன் தெரிகிறது?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மூடி மேல் விரலை ஓட்டும்போது விர்ரென்று இருக்கிறதல்லவா, அப்படியே விரலை நிறுத்துங்கள். பெரும்பாலும் அதிர்வு நின்றுவிடும். அழுத்திப் பிடித்தாலும் தெரியாது. மறுபடி லேசாக ஓட்டினால் திரும்ப வரும். உடலுக்குள் மின்சாரம் ஓடுவதால் வரும் உணர்வு என்றால், விரல் நகர்ந்தாலும் நின்றாலும் அது இருக்க வேண்டும். ஆகவே இது ஷாக் கிடையாது, வேறு ஏதோ.

1953-இல் மல்லின்க்ராட், ஹியூஸ், ஸ்லேட்டர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இதை விளக்கினார்கள். பித்தளை விளக்குப் பிடிப்பான் ஒன்றைத் தொட்டபோது, விளக்கு எரிந்தால் ஒரு மாதிரியும் எரியாவிட்டால் வேறு மாதிரியும் இருந்ததில்தான் அவர்களுக்குப் பொறி தட்டியது. உலோகத்துக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய காப்புப் படலம் இருந்தால், உலோகத்தில் ஏறி இறங்கும் வோல்ட்டேஜ் விரல் தோலைத் தன் பக்கம் இழுத்து இழுத்து விடும். மிக மிக லேசான இழுப்பு அது; அசையாத விரலுக்குத் தெரியாது. ஆனால் விரல் நகரும்போது உராய்வு அதற்கேற்பக் கூடிக் குறைவதால் தோல் அதிர்கிறது. 50 சுற்று ஏசியில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உச்சம் என்பதால், நொடிக்கு 100 முறை வரையான அதிர்வு. விரல் நுனி நரம்புகளுக்கு அது நன்றாகவே எட்டும்.

அலுமினிய லேப்டாப் இதற்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது. வெளியே பளபளவென்று நிறமேற்றியிருக்கும் பரப்பு வெறும் உலோகமல்ல. அனோடைசிங் என்ற முறையில் அலுமினியத்தின் மேலேயே வளர்த்த ஆக்சைடு படலம், மின்சாரம் கடத்தாது. காய்ந்த விரல், மெல்லிய காப்பு, அடியில் மிதக்கும் 100 வோல்ட், மூன்றும் சேர்ந்தாகிவிட்டது. வியர்த்த விரலால் தொட்டால் இந்த விர் குறைந்துவிடும். ஈரம் என்றால் ஷாக் கூடும் என்றுதானே படித்திருக்கிறோம்? இது ஷாக் இல்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

விளிம்பில் கை படும்போது சுருக்கென்று குத்துவது மட்டும் வேறு. அங்கே ஆக்சைடு தேய்ந்திருக்கும். திருகுத் தலை, யு.எஸ்.பி. துளையின் ஓரம் எல்லாம் வெற்று உலோகம். கசிவு முழுவதும் ஊசி முனை அளவு இடத்தில் தோலுக்குள் இறங்குவதால், அளவு சிறிதானாலும் அந்தப் புள்ளியில் நரம்பு கண்டுபிடித்துவிடுகிறது. மணிக்கட்டின் உள்பக்கம் போல மெல்லிய தோல் என்றால் சட்டென்று தெரியும்.

செருப்பைக் கழற்றிவிட்டு மொசைக் தரையில் கால் வைத்தால் இரண்டுமே கூடும். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் குறையும். ஏனென்றால் கசிவு போய்ச் சேர வேண்டிய இடம் தரை. நம் உடல் அதற்கு வழி. லேப்டாப்பில் கை வைத்திருப்பவரின் முதுகைப் பக்கத்தில் இருப்பவர் தடவினால் அவருக்கும் விர்ரென்று இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை ஏற்கெனவே கண்டுபிடித்து விளையாடி முடித்திருப்பார்கள்.

எர்த் எதற்கு?

தெருவில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணோடு சேர்த்திருப்பார்கள். அதனால் ஃபேஸைத் தொட்ட எவர் வழியாகவும் மின்சாரம் தரையில் இறங்கி, மண் வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிவிட முடியும். நாம் அந்த வழியாக ஆகிவிடாமல் இருக்க, வீட்டுச் சாதனங்களின் உலோக உடலுக்கு நம்மைவிடச் சுலபமான ஒரு வழியைப் போட்டுக் கொடுப்பதுதான் எர்த். மூன்று பின் பிளக்கின் மேலே இருக்கும் தடித்த பின் அதற்குரியது. மற்ற இரண்டையும்விட நீளமாகவும் இருக்கும். செருகும்போது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். அங்கிருந்து பச்சை வயர் சுவருக்குள் ஓடி, மெயின் பாக்ஸ் தாண்டி, வீட்டுக்கு வெளியே உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழாயிலோ தகட்டிலோ முடியும்.

லேப்டாப்பின் கசிவுக்கு இந்த வழி கிடைத்துவிட்டால் கதை முடிந்தது. 0.16 மில்லி ஆம்பியரும் பச்சை வயரில் போய்விடும், உடலில் மிதப்பு இருக்காது, விர்ரும் இருக்காது. அலுவலகத்தில் ஒன்றும் தெரியாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆக முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சார்ஜரில் எர்த்துக்கு வழி இருக்கிறதா என்பது. அடாப்டரில் கழற்றிச் செருகும் வயர் என்றால் அதன் முனையைப் பாருங்கள். மூன்று துளைகள் முக்கோணமாக இருந்தால் எர்த் உள்ளே வருகிறது. எட்டு வடிவில் இரண்டே துளைகள் என்றால் வரவில்லை. ஆப்பிள் சார்ஜர்கள் பலவற்றில், கழற்றக்கூடிய பிளக் துண்டுக்கு அடியில் ஒரு உலோகக் குமிழ் இருக்கும். அதுதான் எர்த். எர்த் பின்னுள்ள நீள வயர் அந்தக் குமிழைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பின் துண்டு பிடிக்காது. ஒரே சார்ஜர், வயரை மாற்றினால் விர் போய்விடுகிறது என்பவர்கள் சொல்வது சரிதான். டைப்-சி சார்ஜர்கள் வந்த பிறகு நிறைய பேருக்கு இந்த விர் புதிதாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. சின்னதாக, எங்கும் செருகலாம் என்று செய்யப்படுபவற்றில் பெரும்பாலானவை இரண்டு பின்.

மூன்று பின் இருந்தாலும் ஏமாறலாம். சில சார்ஜர்களில் மேல் பின் வெறும் பிளாஸ்டிக். சாக்கெட்டின் மூடியைத் திறக்க மட்டும். சில அடாப்டர்களில் எர்த் உள்ளே வந்தாலும் லேப்டாப் பக்கம் போய்ச் சேராது. மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சிலவற்றில் முகப்பில் மூன்று துளைகள் இருக்கும், உள்ளே ஓடுவது இரண்டே வயர். மூன்று பின்னை இரண்டாக்கும் சின்னக் கன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது எர்த்தை வெட்டுவதற்கென்றே விற்கப்படும் பொருள்.

இரண்டு பின் சார்ஜர்தான் வைத்திருக்கிறீர்கள், விர் என்கிறது, வேறு தொல்லை இல்லை என்றால் விட்டுவிடலாம். எரிச்சலாக இருந்தால் எர்த் உள்ள வயர் அல்லது சார்ஜர் வாங்கலாம். எர்த் சரியாக உள்ள மூன்று பின் மானிட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்தாலும் பெரும்பாலும் நின்றுவிடும். கேபிளின் வெளிக்கவசம் வழியாக லேப்டாப் உடல் மானிட்டரின் எர்த்தைப் பிடித்துக்கொள்ளும். கேபிள் டிவி வயரை டிவியில் செருகும்போது விரலில் சுருக்கென்பதும், மட்டமான சார்ஜரில் போட்ட போனின் திரை தானாகவே கண்டபடி அழுந்துவதும், சார்ஜ் போட்டதும் ஸ்பீக்கரில் உறுமல் வருவதும்கூடப் பெரும்பாலும் இதே குடும்பம்தான்.

மூன்று பின் போட்டும் விர் என்றால்?

இங்கேதான் நான் அக்கறை காட்டச் சொல்வேன். சார்ஜரிலும் வயரிலும் எர்த் இருக்கிறது, அலுவலகத்தில் அதே செட் அமைதியாக இருக்கிறது, வீட்டில் மட்டும் விர் என்கிறது என்றால், அந்த பாயின்ட்டில் எர்த் செத்துவிட்டது என்று பொருள். லேப்டாப்பில் குறையில்லை. வீட்டின் வயரிங்கில் ஒரு குறையைக் காசு வாங்காமல் அது கண்டுபிடித்துத் தந்திருக்கிறது.

எர்த் இல்லாத பாயின்ட், இரண்டு பின் சார்ஜரைவிட மோசம். காரணம், அந்தப் பச்சை வயரில் வீட்டின் மற்ற சாதனங்களும் தொங்குகின்றன. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு ஒய் கெப்பாசிட்டர்கள் உடலோடு சேர்ந்திருக்கும். எர்த் அதைக் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கையில், இந்த ரகச் சாதனங்களுக்கு விதி 3.5 மில்லி ஆம்பியர் வரை கசிவை அனுமதிக்கிறது. எர்த் வழியில் எங்கோ அறுந்திருந்தால், அத்தனை உடல்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, மண்ணைச் சேராமல், 115 வோல்ட்டில் மிதக்கும். அதே எக்ஸ்டென்ஷனில் உள்ள உங்கள் லேப்டாப்பில் டெஸ்க்டாப்பின் கசிவும் வந்து நிற்கும். அப்போது தொட்டால் விர் இல்லை, நிஜமான அடி. இன்னும் கெட்ட நாளில் வாஷிங் மெஷினுக்குள் ஃபேஸ் வயர் உரசி உடலைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் பச்சை வயர் வழியாகவே உங்கள் மேசைக்கு வந்து சேரும். அதைத் தடுக்க நீல வில்லையும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். விர் இல்லை என்பது எர்த் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எர்த் குழியின் தடை 1,000 ஓம் என்று படுமோசமாக இருந்தாலும், 0.16 மில்லி ஆம்பியரைக் கொண்டுபோக அது தாராளம், மிதப்பு 0.16 வோல்ட்தான். லேப்டாப் அமைதியாக இருக்கும். ஆனால் ஃபேஸ் உடலைத் தொடும் நாளில் அந்த எர்த்தால் பயனில்லை. 1,000 ஓமை விடுங்கள், 20 ஓம் என்றே வைப்போம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்சான எம்.சி.பி., 16 ஆம்பியர் ரகம் என்றால், இதற்கு விழாது. சாதனத்தின் உடல் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜோடு நின்றுகொண்டிருக்கும். கோடையில் மண் காய்ந்து, குழியில் பல வருடமாக யாரும் தண்ணீர் ஊற்றாமல், உள்ளே குழாய் துருப்பிடித்த வீடுகளில் 20 ஓம் ஒன்றும் அரிது கிடையாது.

இந்த இடைவெளியை அடைப்பது ஆர்.சி.சி.பி. பழைய பழக்கத்தில் பலரும் இ.எல்.சி.பி. என்பார்கள். ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் ரகத்தில், வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் வீட்டையே துண்டித்துவிடும். மேலே சொன்ன 20 ஓம் குழியில் 11.5 ஆம்பியர் இறங்கத் தொடங்கிய கணமே அது விழுந்துவிடும். லேப்டாப்பின் கசிவுக்கு விழாது; அது 30-இல் நூறில் ஒரு பங்குகூட வராது.

எலக்ட்ரீஷியனை அழைத்தால் முதலில் அந்த பாயின்ட்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 அளவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் மட்டும். ஃபேஸ்–எர்த் அளவு 115, 150 என்று தடுமாறினால் எர்த் மிதக்கிறது. சரியாக 230 காட்டினாலும் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. 1 கோடி ஓம் மீட்டருக்கு 1,000 ஓம் எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். குழியின் தடையை அளக்கத் தனியே எர்த் டெஸ்டர் என்ற கருவி இருக்கிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை எரியவைத்துப் பார்ப்பதும் பழைய எலக்ட்ரீஷியன்களின் வழக்கம்; ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பு எரிவதற்குள் அது விழும். அதை அவர்கள் செய்யட்டும், நீங்கள் செய்ய வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். 'எர்த் வயர் வரலை சார், நியூட்ரலிலேயே ஒரு லூப் போட்டு விட்டுடறேன்' என்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு விர் உடனே நின்றுவிடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. என்றாவது ஒருநாள் நியூட்ரல் வழியில் லூசானால், அந்த பாயின்ட்டில் செருகிய எல்லாவற்றின் உடலும் ஃபேஸ் ஆகிவிடும். ஜன்னல் கம்பியில் கட்டுவதும், தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் இதே வரிசைதான். இரும்புக் குழாய் இருந்த காலத்தில் ஏதோ ஓடியது. இன்று பெரும்பாலும் பி.வி.சி. குழாய், மண்ணுக்குப் போகாது.

லேப்டாப் விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று சொன்னதை கிரைண்டர், ஹீட்டர், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி பக்கம் கொண்டுபோகக் கூடாது. அவற்றில் இரு பக்கத்தையும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை, கசிவை 0.16-இல் நிறுத்தும் வில்லையும் இல்லை. கிரைண்டரைத் தொட்டால் லேசாக சுர்ரென்கிறது என்றால் உள்ளே காப்பு கெட்டு ஃபேஸ் எட்டிப் பார்க்கிறது. இன்று 1 மில்லி ஆம்பியர், மாவு நீர் உள்ளே இறங்கிய நாளில் 100. குளியலறைக் குழாயைத் திறக்கும்போது விரல் சுர்ரென்றால் அன்றைக்குக் குளிப்பதை ஒத்திவைத்து, மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். லேப்டாப்பிலேயேகூட, விரலை நிறுத்தினாலும் தொடர்ந்து அடிக்கிறது, கை தானாக விலகுகிறது, அடாப்டரில் தீய்ந்த வாசனை வருகிறது என்றால் அந்தச் சார்ஜரை அதோடு நிறுத்திவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் குழியைத் தோண்டிப் பார்க்க முடியாது. ஆனால் எம்.சி.பி.க்கள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து பார்க்கலாம். மற்றவற்றைவிட அகலமாக, முகத்தில் 'டி' (டெஸ்ட்) என்று ஒரு சின்னப் பட்டனோடு ஒரு ஸ்விட்ச் இருந்தால் அநேகமாக அதுதான் ஆர்.சி.சி.பி.; மேலே 30 எம்.ஏ. அல்லது 0.03 ஏ என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சில வீடுகளில் 100 அல்லது 300 எம்.ஏ. ரகத்தை மாட்டியிருப்பார்கள், அது தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றும் அளவு கிடையாது. மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். எர்த் இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது. அது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தனக்குள்ளேயே ஒரு போலிக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, பச்சை வயரைத் தொடுவதே இல்லை.